கழுத்துக்குள் முண்ணாண் நெரிபட்டால்: சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

சாறன் கட்டு அடிக்கடி அவிழ்கிறது. சேட்டுப் பொத்தான் பூட்ட முன்னரைவிடக் கூட நேரம் எடுக்கிறது. சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கால் கொட்டுண்ணுகிறது. வயல் வரம்பில் நடந்தால் கால் தானாகச் சேற்றுக்குள் போகிறது. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது வீட்டார் "வயசு போகுதுதானே" என்பார்கள். சீனி வருத்தம் உள்ளவரென்றால் பழியைச் சீனியில் போட்டுவிடுவார்கள். கழுத்தில் நோவு இல்லாததால் கழுத்தை ஒருவரும் நினைப்பதில்லை.

கழுத்துக்குள் முண்ணாண் மெல்ல மெல்ல நெரிபடும் வருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நோவு பிந்தி வரலாம், வராமலும் விடலாம். ஆகவே நோவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எது, எங்கே நெரிபடுகிறது

முள்ளந்தண்டு என்புகளின் நடுவே ஒரு குழாய் ஓடுகிறது. அதற்குள்ளே மூளையிலிருந்து இறங்கி வருவதுதான் முண்ணாண். டொக்டர்மார் ஸ்பைனல் கோட் என்று சொல்வது இதையே. கழுத்தில் அந்தக் குழாயின் முன்பின் அகலம் சாதாரணமாக 17 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 13க்குக் கீழே போனால் ஒடுக்கம் என்பார்கள். 10க்குக் கீழே இறங்கினால் முண்ணாணுக்கு அசைய இடமே இராது.

வயது போகப்போக முன்பக்கத்தில், என்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கும், என்பு விளிம்புகளில் முள்போல வளரும். பின்பக்கத்தில் என்புகளைப் பிணைக்கும் நார் தடிக்கும். தலையைப் பின்னே சாய்த்து அண்ணாந்து பார்க்கும்போது குழாய் இன்னும் ஒடுங்கும். கொக்கைத்தடியால் தேங்காய் பறிப்பவர், கூரைக்குப் பெயின்ற் அடிப்பவர் ஆகியோருக்கு அந்த வேலையின்போது கை கால் விறைப்பது இதனால்தான். காசநோய்க் கிருமி என்பைத் தின்பதாலோ, வேறிடத்துப் புற்றுநோய் முள்ளந்தண்டில் இறங்குவதாலோ, விழுந்து அடிபடுவதாலோ இதே நெரிவு வரலாம். சிகிச்சை அதற்கேற்ப மாறும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். முண்ணாண் நாரிவரை இறங்குவதில்லை. வளர்ந்தவர்களில் அது முதலாம், இரண்டாம் நாரி என்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல நரம்புக் கொத்துத்தான் தொங்கும். நாரிப்பிடிப்போடு ஒற்றைக் காலில் நோவு இறங்குவது பெரும்பாலும் அந்த நரம்புகளில் ஒன்று நெரிபடுவது. அவர்களில் பலருக்குச் சில கிழமைகளில் தானாகவே குறையும், சத்திரசிகிச்சை தேவைப்படாது. பக்கத்து வீட்டுக்காரரின் நாரி வருத்தம் எண்ணெய் பூசி மாறியதென்றால், அதை வைத்து உங்கள் வீட்டாரின் கழுத்து வருத்தத்தை அளக்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கையை முன்னே நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். முடிந்த வேகத்தில், 10 செக்கனுக்கு. ஆரோக்கியமான கை 20 தடவை அளவில் செய்யும். அதைவிட நன்றாகக் குறைந்தாலோ, விரல்கள் பாதி மட்டும் விரிந்தாலோ குறித்து வையுங்கள். அடுத்ததாக விரல்களை ஒட்டிச் சேர்த்து நீட்டி வைத்திருக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் சின்னவிரல் தானாக விலகிப் போனால் அதுவும் ஓர் அடையாளம்.

நடையைப் பார்க்க வரம்பே போதும். வரம்பு இல்லாதவர்கள் சீமெந்து நிலத்தில் ஒரு கோடு கீறி, ஒரு காலின் குதி மற்றக் காலின் பெருவிரலைத் தொட நடக்கச் சொல்லலாம். விழாமல் பிடிக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடியதும் ஆடுகிறாரா, கரண்ட் போன இரவில் சுவரைப் பிடித்து நடக்கிறாரா என்றும் கேளுங்கள். கால் எங்கே இருக்கிறதென்ற செய்தி முண்ணாண் வழியாகச் சரியாக மேலே போகாதபோது கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கண்ணை மூடினால் அது நின்றுவிடும்.

குனிந்து நாடியை நெஞ்சில் தொடும்போது முதுகால் மின்சாரம் இறங்குவதுபோல் இருக்கிறது என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சலம் வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா என்பதைக் கூச்சம் பாராமல் கேட்க வேண்டும். அப்பாவிடம் மகள் கேட்கத் தயங்கினால் மகன் கேட்கட்டும்.

இந்தச் சோதனைகள் வருத்தத்தை நிரூபிக்கா. மணிக்கட்டில் நரம்பு நெரிவு, சீனியால் வரும் நரம்புப் பழுது, பாரிசவாதம், விற்றமின் பி12 குறைவு எல்லாம் ஓரளவு இப்படியே தோன்றும். ஆனால் இரண்டு கையும் காலும் சேர்ந்து கெடும்போது கழுத்தையும் பார்த்தாக வேண்டும். டொக்டர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பதும் இதைப் பிரித்தறியத்தான்.

அதுவரை ஒன்றைக் கட்டாயம் நிறுத்துங்கள். சலூனில் முடி வெட்டியபின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க விடாதீர்கள். ஒட்டு முறிவு பார்ப்பவரிடம் கழுத்தை இழுத்துத் திருப்பவும் கொடுக்காதீர்கள். எண்ணெய் பூசுவதால் கெடுதியில்லை. ஒடுங்கிய குழாய்க்குள் இருக்கும் முண்ணாணை ஒரு திருப்பில் நசுக்கிவிடலாம் என்பதுதான் பயம்.

1990 அம்புலன்ஸுக்கு உடனே அழைக்க வேண்டியவை

ஓரிரு நாளுக்குள் கால் பலம் குறைந்துகொண்டே போவது. சலம் முட்டியும் போகாமல் நிற்பது. ஆசனவாயையும் தொடை இடுக்கையும் சுற்றி, சைக்கிள் ஆசனத்தில் படும் இடம் விறைத்துப்போவது. காய்ச்சலோடு முதுகில் கடுமையான நோவும் காலில் பலக்குறைவும் சேர்ந்து வருவது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக முதுகு நோவும் கால் தளர்வும் வருவது. இவற்றில் ஒன்றுக்கும் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இங்கே மணித்தியாலக் கணக்குத்தான்.

தென்னையாலோ, உழவு இயந்திரத்தாலோ விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடித்து வைப்பதுதான் நம் ஊர்களில் நடக்கும் பெரிய பிழை. முறிந்த என்பு முண்ணாணை வெட்டுவது அந்தத் தூக்கலிலும் நடக்கலாம். கிடந்த இடத்திலேயே தலையை இரண்டு பக்கமும் பிடித்து, அசையாமல் வைத்திருந்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அது இலவசம்.

கிளினிக்கும் ஸ்கேனும்

களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்த ஆதார வைத்தியசாலையில் தொடங்கினாலும் ஒரு கடிதத்தோடு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர வேண்டும். சத்திரசிகிச்சை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலா, கண்டியிலா, கொழும்பிலா என்பதை அவர் சொல்வார். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பி, பழைய ஸ்கேன் படங்கள், குடிக்கும் குளிசைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள். அதோடு ஒரு துண்டுத்தாளில் திகதிகளை எழுதுங்கள்: எப்போது பொத்தான் பூட்ட முடியாமல் போனது, எப்போது பொல்லுப் பிடித்தார், எப்போது சலத்தில் மாற்றம் வந்தது. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை ஸ்கேன் சொல்லாது, இந்தத் தாள்தான் சொல்லும்.

எக்ஸ்ரே என்பைக் காட்டும், முண்ணாணைக் காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். நம் மாவட்டங்களில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது: யுத்தகாலத்துச் செல் துண்டு உடம்பில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கு முன் காலில் பட்டது, இப்போது ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு கண்ணுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ அருகில் இருந்தால் அசைந்து ஆபத்தாகலாம். முதலில் எக்ஸ்ரேயில் பார்த்து, தேவைப்பட்டால் சி.ரி. ஸ்கேனுக்கு மாறுவார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் சொல்ல வேண்டும்.

எவருக்குச் சத்திரசிகிச்சை? கை, கால், உணர்ச்சி, சலம் நான்கையும் சேர்த்து 18 புள்ளிகளுக்கு அளப்பார்கள். 15 முதல் 17 வரை இலேசு, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11ம் அதற்குக் கீழும் கடுமை. 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. இலேசானவர்கள் சத்திரசிகிச்சை செய்யலாம், அல்லது கண்காணிப்போடு பயிற்சிகளைச் செய்து பார்த்து, இறங்கினால் செய்யலாம்.

சத்திரசிகிச்சை நெரிவை எடுத்துவிடும். ஏற்கெனவே செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. முதல் நோக்கம் இதற்கு மேல் இறங்காமல் நிறுத்துவது. பலருக்குக் கணிசமான முன்னேற்றமும் வருகிறது, ஆனால் அதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. கட்டிலில் விழுந்த பிறகு செய்வதைவிடப் பொல்லோடு நடக்கும்போதே செய்வது நல்லது என்று டொக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். "அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று தள்ளுவதானால் அத்தனை மாதம் தள்ளலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

முன்னாலா, பின்னாலா

இரண்டு வழி உண்டு. ஒன்றிரண்டு டிஸ்க் மட்டும் முன்பக்கத்திலிருந்து நெரித்தால், அல்லது கழுத்தின் வளைவு முன்பக்கம் கவிழ்ந்திருந்தால், முன்கழுத்தில் தோல் மடிப்போடு சிறிதாக வெட்டி, ஒரு பக்கம் பெரிய இரத்தக்குழாயையும் மறுபக்கம் மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இரண்டையும் ஒதுக்கி உள்ளே போவார்கள். டிஸ்க்கை எடுத்து, என்பு முள்ளை அரைத்து, வெற்றிடத்தில் ஒரு சிறு கூட்டையோ என்புத் துண்டையோ வைத்து, பெரும்பாலும் தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவார்கள். அந்த இரண்டு என்பும் ஒன்றாக ஒட்டிவிடும்.

மூன்று இடத்துக்கு மேல் நெரிபட்டு, கழுத்து வளைவு சரியாக இருந்தால் பின்பக்கம். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, மண்டையோட்டை மூன்று கூர்முனையுள்ள பிடியில் பொருத்தி, பிடரியில் நேராக வெட்டி, என்புக் குழாயின் பின்சுவரை எடுப்பார்கள். லமினெக்டமி என்பது இது. கூரையைக் கழற்றிவிட்டால் முண்ணாண் பின்னே நகர்ந்து மூச்சு விடும். ஆனால் சுவரை மட்டும் எடுத்துவிட்டால் சில வருடத்தில் கழுத்து முன்னே கவிழலாம் என்பதால் பலருக்குத் திருகாணியும் கம்பியும் சேர்ப்பார்கள். இன்னொரு வழி, சுவரை முழுதாக எடுக்காமல் ஒரு பக்கத்தைக் கீலாக விட்டுக் கதவுபோலத் திறந்து வைப்பது. லமினோபிளாஸ்டி என்னும் அந்த முறை 1970களில் ஜப்பானில் வளர்ந்தது. கழுத்துத் திரும்பல் ஓரளவு மிஞ்சும் என்பது அதன் ஆதாயம்.

எதுவானாலும் பெரும்பாலும் 2 முதல் 4 மணித்தியாலம். கையொப்பமிட முன் டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வழி, ஏன்? எத்தனை என்பு? திருகாணி போடுவதானால் அது வைத்தியசாலையில் இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா? வாங்க வேண்டியிருந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொழும்பு வார்டுக்குப் போகிறவர்கள் சிங்களம் ஒள்ளுப்பமாவது பேசக்கூடிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போவது நல்லது. இரவு மூன்று மணிக்குக் கால் அசையவில்லை என்று சொல்ல அவர் வேண்டும்.

முந்திய கிழமைகள்

இரத்தத்தை இளக்கும் குளிசைகளை எப்போது நிறுத்துவது என்பது பெரிய விடயம். வழமையாக வார்பரின் 5 நாள் முன்னரும், குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்னரும் நிறுத்தப்படும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய டொக்டரிடம் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. நீங்களாகக் கணக்குப் பாராமல், திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து எடுங்கள். நாட்டு மருந்து, கசாயம் குடிப்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் பழுக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை 8 வீதத்துக்குக் கீழே இருப்பதைப் பலர் எதிர்பார்ப்பார்கள். சீனிக்கு எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவர்கள் அதை மூன்று நாள் முன்னரே நிறுத்தச் சொல்லப்படுவார்கள். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் குறைந்தது நான்கு கிழமைக்கு முன் விட வேண்டும். நிகொட்டின் என்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

வெற்றிலை பற்றி இன்னொன்று. நெடுங்காலம் பாக்குப் போட்டவர்களில் சிலருக்கு வாய் முழுதாகத் திறக்காது. மயக்க மருந்து கொடுக்க வாயால் குழாய் இறக்க வேண்டும். இவர்களுக்கோ கழுத்தையும் பின்னே சாய்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சிக்கல். உங்கள் மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பல்லிடையே நுழைத்துப் பாருங்கள். போகாவிட்டால் மயக்க மருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விழித்திருக்கும்போதே கமெராக் குழாயால் இறக்க ஆயத்தம் செய்வார்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய 6 மணித்தியாலத்துக்குச் சாப்பாடு இல்லை. பால்தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு. வெறுந்தேத்தண்ணி, தண்ணீர் இரண்டும் பொதுவாக 2 மணித்தியாலம் முன்வரை சரி. வார்டில் இதைவிட இறுக்கமாகச் சொன்னால் அதையே கேளுங்கள். பாசத்தில் ஒரு வாய் ஊட்டிவிட்டு மறைத்தால், மயங்கியபின் வாந்தி நுரையீரலுக்குள் போகும்.

முதல் மூன்று நாள்: துணைக்கு நிற்பவர் பார்க்க வேண்டியது

முன்பக்கம் வெட்டியவருக்கு விழுங்கக் கஷ்டம், குரல் கரகரப்பு முதல் கிழமையில் சாதாரணம். கஞ்சி, தயிர், குழைந்த சோறு கொடுங்கள், நிமிர்ந்து இருந்து சாப்பிடட்டும். ஆனால் கழுத்து வீங்கி, குரல் மாறி, படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சுக்கு இழுத்தால் உள்ளே இரத்தம் கட்டுகிறது. கூப்பிட்டும் எவரும் வரவில்லையென்று இருந்துவிடாமல் நேர்ஸின் மேசைக்கே ஓடுங்கள். கட்டிலிலேயே தையலை வெட்டித் திறக்க வேண்டிய அவசரம் அது.

பின்பக்கம் வெட்டியவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் இறுக்கிப் பொத்தச் சொல்லி, இரண்டு பாதத்தையும் ஆட்டச் சொல்லிப் பாருங்கள். மயக்கம் தெளிந்தபோது அசைந்த கால் பிறகு அசையாவிட்டால் உடனே சொல்லுங்கள். சிலருக்கு ஓரிரு நாளில் ஒரு தோளைத் தூக்க முடியாமல் போகும். ஐந்தாம் கழுத்து நரம்பின் தளர்வு அது. இருபதில் ஒருவர் அளவில் காணப்படுவது, பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் திரும்பிவிடும். பயங்கரமாகத் தெரிந்தாலும் முன்னையதுபோல் அவசரமல்ல, டொக்டர் பார்க்கும்போது சொல்லுங்கள்.

எழுந்திருந்தால் தலை வெடிப்பதுபோல் நோவு, படுத்தால் குறைவு, காயத்தால் தெளிந்த தண்ணீர் கசிவு: முண்ணாணைச் சுற்றிய உறையில் பொத்தல் விழுந்திருக்கலாம்.

புரட்டும்போது தோளையும் இடுப்பையும் ஒன்றாக, மரக்குற்றி உருட்டுவதுபோல் உருட்ட வேண்டும். தானாக அசைய முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றி, வாலென்பு, குதி, இடுப்பு மேடு மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தியும் மாறாத சிவப்பு படுக்கைப்புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, சூட்டையும் தடிப்பையும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களை அடுத்த நாளே எழுப்பி இருத்துவார்கள். அது கொடுமையல்ல, காலில் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான்.

வீட்டை ஆயத்தப்படுத்தல்

பாயைச் சுருட்டி வையுங்கள். முழங்கால் உயரத்துக்கு, ஏறத்தாழ 45 சென்ரிமீற்றரில், ஆடாத கட்டில் வேண்டும். குந்தும் மலசலகூடத்தின்மேல் நடுவில் ஓட்டையுள்ள கதிரை வையுங்கள். பழைய மரக்கதிரையைத் தச்சரிடம் கொடுத்தாலே வெட்டித் தருவார். பக்கச் சுவரில் பிடி அடியுங்கள். தடுக்கும் வாசற்படிக்கு ஒரு சாய்பலகை. இரவில் படுக்கையிலிருந்து மலசலகூடம்வரை ஒரு சிறு வெளிச்சம், ஏனென்றால் இவர் கண்ணால்தான் நடக்கிறார். றப்பர்ச் செருப்பு விறைத்த காலில் நிற்காது, குதியில் பட்டி உள்ளது வேண்டும். உணர்ச்சி குறைந்த காலோடு வெறுங்காலில் வைகாசி மணலில் நடந்தால் கொப்புளம் போடுவது தெரியாது. தீமிதிப்பு நேர்த்தியை அம்மாள் பொறுத்துக்கொள்வா, வீட்டில் வேறொருவர் செய்யட்டும்.

10 முதல் 14 நாளில் தையல் வெட்டும்வரை காயம் நனையக் கூடாது. கதிரையில் இருத்தி, கழுத்துக்குக் கீழே துடைத்துக் குளிப்பாட்டுங்கள். காயத்தில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் ஒன்றும் வேண்டாம். சிவந்து சூடாகி, சீழ் கசிந்து, காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக்வரை நிற்காதீர்கள்.

கிரந்தி என்று மீனையும் முட்டையையும் நிறுத்தும் வழக்கம் காயத்துக்கு எதிரி. புரதம் இல்லாமல் தோல் ஒட்டாது. ஒவ்வாமை உள்ள உணவை மட்டும் தவிர்த்து, மீன், முட்டை, பருப்பு, கீரை தாராளமாகக் கொடுங்கள். நோவுக் குளிசையால் மலம் இறுகும். தண்ணீரும் பப்பாசியும் போதாவிட்டால் மருந்து கேளுங்கள்.

முதல் 6 கிழமைக்கு 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கிணற்றில் துலாவோ கயிறோ இழுப்பது, தலைச்சுமை, நெல் மூட்டை, தோணி தள்ளுவது எல்லாம் குறைந்தது மூன்று மாதம், அதுவும் என்பு ஒட்டியதை எக்ஸ்ரேயில் பார்த்தபின். தொழுகையைக் கதிரையில் இருந்து தொழலாம், கோயிலில் விழுந்து கும்பிடாமல் நின்று கும்பிடலாம். கழுத்துப் பட்டி எல்லோருக்கும் தேவையில்லை. கொடுத்தால் எத்தனை கிழமை, படுக்கும்போதும் வேண்டுமா என்று கேளுங்கள். சொன்னதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை சோரும்.

பயிற்சியும் பதிவும்

நடைதான் முதல் மருந்து. முற்றத்தில் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை, பிறகு கூட்டிக்கொண்டு போகலாம். மணலைவிடச் சீமெந்து நல்லது. கைக்கு வீட்டுவேலையே பயிற்சி: பயறும் கௌபியும் கலந்து பிரிப்பது, சில்லறைக்காசு எண்ணுவது, வலைக்கண் பின்னுவது, பொத்தான் பூட்டுவது. ஒரு நாளைக்குச் சிறுசிறு தடவைகளாக, களைக்க முன் நிறுத்தி.

சலம் முழுதாகப் போகாதவருக்கு 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறு குழாய் விட்டு எடுக்க வார்டிலேயே பழக்குவார்கள். வீட்டுக்கு வர முன் நோயாளியும் வீட்டாரில் ஒருவரும் நேர்ஸுக்கு முன்னால் செய்து காட்டிவிட்டு வாருங்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்து இதைத் தவிர்க்கப் பார்த்தால் கிருமி பிடிக்கும்.

முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் கூடுதலாக இருக்கும், பிறகு மெதுவாக ஒன்று, ஒன்றரை வருடம்வரை. விறைப்புத்தான் கடைசியாகக் குறையும், சிலருக்கு மிஞ்சியும் நிற்கும். நாளுக்கு நாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு தடவை, ஒரே திகதியில், அந்த 10 செக்கன் விரல் எண்ணிக்கையையும், வாசலிலிருந்து படலைவரை நடக்க எடுத்த செக்கனையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால், கிளினிக் திகதி எப்போதிருந்தாலும் கொப்பியோடு முன்னதாகவே போங்கள். ஒட்டிய என்புக்கு மேலேயோ கீழேயோ உள்ள டிஸ்க் வருடங்கள் கழிந்து புதிதாக நெரிக்கலாம், அதையும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த விரல்கள்தான்.